கருவி மையக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: ஈபிஆர் கருவிக்குத் திரவ ஹீலியம் வேண்டும்

மதிப்பிற்குரிய கருவி மையக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். புரதத்திலுள்ள உலோகத்தின் இணை சேராத எலக்ட்ரான்களைக் காட்டும் கருவி ஈபிஆர்; அதில் வைக்கும் மாதிரியைக் கடுங்குளிருக்குக் கொண்டுபோகத் திரவ ஹீலியம் வேண்டும். மறு அறிவிப்பு வரும்வரை ஈபிஆர் கருவிக்குத் திரவ ஹீலியம் கிடையாது என்ற உங்கள் சுற்றறிக்கை குறித்து நாங்கள் எழுதிய கடிதங்கள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. பதில் வரவில்லை. இந்த விடுமுறையில் நடந்ததைப் பார்த்த பிறகு, இனி எல்லோர் முன்னாலும் கேட்பதுதான் சரி என்று எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வு மாணவி ஒருவர் இரும்பு-கந்தகப் புரதம் ஒன்றைப் படித்து வருகிறார். ஆக்சிஜன் புகாத பெட்டிக்குள் புரதக் கரைசலை வைத்து, அதன் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கீழே இறக்க வேண்டும். மின்முனைக்கும் புரதத்துக்கும் இடையே எலக்ட்ரானைக் கொண்டு சேர்க்கும் சாயங்கள் ஒவ்வொரு படியிலும் சமநிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்ததும் கொஞ்சம் கரைசலை எடுத்துக் குவார்ட்ஸ் குழாயில் விட்டு அப்போதே உறைய வைக்க வேண்டும். தடித்த ரப்பர் கையுறைக்குள் கையை விட்டபடி இரவு முழுக்கச் செய்யும் வேலை இது. நடுவில் காற்று கசிந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் ஒரு பிசகும் இல்லாமல் முடித்தார். அந்தக் குழாய்கள் ஹீலியத்துக்காகத் திரவ நைட்ரஜன் குடுவையில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. விடுமுறையில் நைட்ரஜன் நிரப்ப ஆள் வரவில்லை. குடுவை வறண்டு, மாதிரிகள் உருகி, காற்றுப் பட்டுக் கெட்டுப்போயின. அந்தப் புரதத்தை மறுபடியும் வளர்த்துப் பிரித்தெடுக்கவே மாதங்கள் ஆகும்.

ஹீலியம் வந்திருந்தால் அவை அங்கே காத்திருக்கவே வேண்டியதில்லை.

“திரவ நைட்ரஜனிலேயே அளந்துகொள்ளலாமே” என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. தாமிரப் புரதங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது சரிதான். திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில், ஈபிஆர் வரைபடத்தில் தாமிரத்தின் நான்கு கோடுகளை நன்றாகவே பார்க்கலாம். ஆனால் நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் சேர்ந்த கொத்தில் இணை சேராத எலக்ட்ரானின் சுழற்சி அந்த வெப்பநிலையில் மிக வேகமாகத் தளர்ந்துவிடுகிறது. அதனால் கோடு அகன்று அகன்று அடித்தளத்தோடு கலந்துவிடும், திரையில் ஒன்றுமே தெரியாது. பத்து கெல்வின் அருகே குளிர்வித்தால்தான் தெரியும். இதற்குப் பழைய சான்றே இருக்கிறது. 1960இல் பைனர்ட், சாண்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மைட்டோகாண்ட்ரியாவில் 1.94 என்ற ஜி மதிப்புள்ள (ஈபிஆர் வரைபடத்தில் கோடு எங்கே விழுகிறது என்பதைச் சொல்லும் எண்) சமிக்ஞையைக் கண்டார்கள். அது இரும்பு-கந்தகக் கொத்தினுடையது என்பது பின்னால் தெளிவானது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரானைக் கைமாற்றும் சுவாசச் சங்கிலியில் அப்படி இன்னும் எத்தனை கொத்துகள் இருக்கின்றன என்பது ஹீலிய வெப்பநிலைக்கு இறங்கி அளந்த பிறகுதான் தெரிந்தது. நைட்ரஜனோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னால், இருப்பதை இல்லை என்று எழுதச் சொல்வதாகத்தான் ஆகும்.

மின்வேதியியல் கருவி தனியாக இருக்கிறதே என்றும் குழுவில் கேட்கப்பட்டதாக அறிகிறேன். கிராஃபைட் மின்முனையில் புரதத்தை ஒட்டவைத்து மின்னோட்டத்தை அளந்தால், எந்த மின்னழுத்தத்தில் எலக்ட்ரான் ஏறுகிறது என்று தெரியும். பல கொத்துகள் உள்ள புரதத்தில் அது எந்தக் கொத்தில் ஏறியது என்பதை அந்த வரைகோடு சொல்லாது. அதற்குத்தான் ஈபிஆர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை. எனவே மீண்டும் கேட்கிறேன், ஹீலியம் தாருங்கள்.

மாதத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கணக்குப் பார்த்துத்தான் இந்தக் கருவியை நிறுத்தினீர்கள். ஹீலியம் வீணாகக் கூடாது என்பதற்காகவே எல்லா ஆய்வுக் குழுக்களும் மாதிரிகளைச் சேர்த்து வைத்து, ஒரே குடுவை ஹீலியத்தில் இரவு பகலாக அளந்து முடித்துவந்தோம். சிக்கனமாக இருந்ததே எங்களுக்கு எதிரான சான்றாகிவிட்டது. இதே குழு, புரதத்தின் வடிவத்தைக் காட்டும் கருவி என்றால் மணிக்கணக்கு கேட்பதில்லை. வடிவம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் இரும்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதனிடம் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்பது வேறு கேள்வி. படிகத்தின் மீது பாய்ச்சும் எக்ஸ் கதிரே சில நேரம் உலோகத்துக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அதன் நிலையை மாற்றிவிடுகிறது. நைட்ரஜனேஸ் என்ற நொதி காற்றிலுள்ள நைட்ரஜனை எப்படி அம்மோனியாவாக்குகிறது, ஒளிச்சேர்க்கையில் மாங்கனீசுக் கொத்து நீரை எப்படிப் பிளக்கிறது என்ற கேள்விகளெல்லாம் எலக்ட்ரானைப் பற்றியவை. அவற்றைப் படிக்க வரும் மாணவர்களைக் கருவிக்கு முன்னால் சும்மா உட்கார வைத்தால், அவர்கள் வேறு துறைக்குப் போவார்கள். போய்க்கொண்டும் இருக்கிறார்கள்.

கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹீலியத்தின் விலையும் தட்டுப்பாடும் உங்களுக்கு எவ்வளவு நெருக்கடி என்பது எங்களுக்குப் புரிகிறது. அதனால்தான் தீர்வையும் சொல்கிறோம். மூடிய சுற்றுக் குளிர்விப்பானை இந்தக் கருவியோடு பொருத்தலாம். உள்ளே இருக்கும் ஹீலியமே திரும்பத் திரும்பச் சுற்றி வரும், மாதாமாதம் குடுவை வாங்க வேண்டியதில்லை. அதை வாங்குவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். எங்களில் ஒருவரை அங்கே விளக்க அனுமதியுங்கள். அது வரும்வரை, உறைந்த மாதிரி வைத்திருக்கும் எல்லோரும் சேர்ந்து அளக்க ஒரு குடுவைத் திரவ ஹீலியமாவது வரவழைத்துத் தாருங்கள். விடுமுறை நாள்களில் நைட்ரஜன் நிரப்ப ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உலோகப் புரத ஆய்வாளர் ஒருவர்