கிலோவையும் வர்த்தமானியில் எழுதுங்கள்: சம்பள நிர்ணய சபைக்கு ஒரு திறந்த மடல்

தேயிலைத் தொழிலுக்கான சம்பள நிர்ணய சபையின் மதிப்பிற்குரிய அங்கத்தவர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள் நான். படித்து வெளியே வேலைக்குப் போனாலும், அம்மாவின் சம்பளச் சிட்டையை மாதாமாதம் வாசித்துச் சொல்வது இன்னும் என் பொறுப்பு. அந்தச் சிட்டைகளை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் நிர்ணயிக்கும் நாட்சம்பளம் அரசாங்க அறிவித்தல் ஏடான வர்த்தமானியில் வந்தால் அது சட்டம். அந்த நாட்சம்பளத்துக்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகம் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. இது மாறாதவரை எந்தச் சம்பள உயர்வும் எங்கள் வீட்டுக்கு முழுதாக வந்து சேராது. இந்த மடலில் நான் சொல்ல வந்தது இதுதான்.

ஆயிரம் ரூபாய் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 2015 மார்ச் 31 இல் தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் செய்துகொண்ட சம்பளக் கூட்டு ஒப்பந்தம் முடிவடைந்தபோது நாளுக்கு ஆயிரம் வாங்கித் தருவோம் என்று தொழிற்சங்க மேடைகளில் சொன்னார்கள். புதிய ஒப்பந்தம் 2016 ஒக்டோபரில்தான் கையெழுத்தானது. கிடைத்தது 730 ரூபாய், அதிலும் அடிப்படைச் சம்பளம் 500 தான். நடுவில் போன 18 மாதங்களுக்கான நிலுவையை அந்த ஒப்பந்தம் தரவில்லை. நிலுவை வரும் என்று நம்பிக் கடைகளில் கடன் வைத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கடனைப் பிறகு தீபாவளி முற்பணத்தில் அடைத்தார்கள்.

2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 500 இலிருந்து 700 ஆனது. தோட்டமெங்கும் 200 ரூபாய் கூடிவிட்டது என்று பேச்சு. ஆனால் அதுவரை வேலைக்கு ஒழுங்காக வந்ததற்காக இருந்த வரவுக் கொடுப்பனவு 60 ரூபாயும், உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140 ரூபாயும் அதே ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டன. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், அதே 200. வேறொரு சிறு கொடுப்பனவு சற்றுக் கூடியதால் மட்டும் மொத்தம் 730 இலிருந்து 750 ஆனது. அடிப்படை உயர்ந்ததால் ஊழியர் சேமலாப நிதிக்கு நன்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பனவுகள் முழுதாகக் கிடைத்துவந்த ஒருவரின் கையில் நாளுக்குக் கூடியது 20 ரூபாய்.

2020 மார்ச் முதலாம் தேதியிலிருந்து ஆயிரம் என்று அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்தார். மார்ச் வந்தது, ஆயிரம் வரவில்லை. கடைசியில் விடயம் உங்கள் சபைக்கு வந்து, 2021 மார்ச்சில் 900 ரூபாய் அடிப்படை, 100 ரூபாய் வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு என்று வர்த்தமானி வெளியானது. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயும் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகிக்கொண்டார்கள். ஆறு வருஷம் காத்திருந்த தொகை சட்டமானது. அந்த வாரம் அம்மா எவ்வளவு மகிழ்ந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்து நடந்ததைத் தராசடியில் நின்று பார்த்தால்தான் விளங்கும். எங்கள் தோட்டத்தில் ஒரு பேர் விழ, அதாவது முழுநாள் கூலி பதிவாக, அதுவரை 16 கிலோ போதும். அதை 20 ஆக்கினார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒருநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வாயால் சொன்னதோடு சரி. 750 ரூபாய்க்கு 16 கிலோ என்றால் கிலோவுக்கு ஏறத்தாழ 47 ரூபாய். 1,000 ரூபாய்க்கு 20 கிலோ என்றால் 50 ரூபாய். நாடு முழுக்கப் பேசப்பட்ட 250 ரூபாய் உயர்வு, கிலோக் கணக்கில் பார்த்தால் மூன்று ரூபாய்.

அதோடும் நிற்கவில்லை. கொழுந்து நிறுப்பது காலை, பகல், மாலை என்று மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு கிலோ வெட்டு, மழை நாளில் அப்போது இரண்டு. அம்மா 22 கிலோ பறித்தாலும் மூன்று கிலோ வெட்டுப் போனால் சிட்டையில் விழுவது 19. இருபதுக்கு ஒரு கிலோ குறைவு என்பதால் அரைப்பேர், அதாவது 500 ரூபாய். ஒரு காலிச் சாக்கின் எடை எவ்வளவு என்று தொழில் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருநாள் வந்து நிறுத்துப் பார்த்திருந்தால், பெண்களின் அரைநாள் கூலி எங்கே போகிறது என்று தெரிந்திருக்கும்.

கம்பனிகள் தரப்பையும் கேட்டிருக்கிறேன். உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலி, ஏல விலை தங்கள் கையில் இல்லை, மற்ற நாடுகளில் ஒரு ஆள் இதைவிட அதிகம் பறிக்கிறார் என்கிறார்கள். ஏல விலை பற்றிச் சொல்வது உண்மை. ஆனால் மலையில் எவ்வளவு கொழுந்து இருக்கும் என்பது பறிப்பவர் கையில் மட்டுமா இருக்கிறது? உரம் போடுவதும், புல் வெட்டுவதும், காலத்தில் செடியை வெட்டிக் கவ்வாத்து பண்ணுவதும், செத்துப்போன செடிக்குப் பதில் கன்று நடுவதும் நிர்வாகம் தீர்மானிப்பவை. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது மலைகள் மஞ்சளாகிப் போயின. கொழுந்து குறைந்தது, கேட்ட கிலோ குறையவில்லை. அரசாங்கத்தின் தவறான முடிவுக்குத் தண்டம் கட்டியது அரைப்பேர் வாங்கிய பெண்கள்.

இதற்கிடையில் ரூபாயும் விழுந்தது. 2015 இல் கேட்ட ஆயிரம் அன்றைக்கு ஏழு டொலருக்கு மேல் பெறும். 2022 நடுப்பகுதியில் அதே ஆயிரம் மூன்று டொலர்கூட இல்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தது. மூன்று வேளையும் ரொட்டி சுடும் வீடுகளில் கோதுமை மாவின் விலை என்ன செய்திருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு 1,700 வந்தது. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். 1,350 அடிப்படை, 350 உற்பத்தித்திறன் கொடுப்பனவு. கம்பனிகள் நீதிமன்றம் போயின, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் நிலைத்தது 1,350. மேடையில் கேட்ட தொகையை நம்பி மகளை டியூஷனுக்குச் சேர்த்த பக்கத்து லயத்து (தோட்ட வரிசை வீட்டு) அக்கா, இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டார்.

இப்போது 1,750. 2025 நவம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வரவு செலவுத் திட்ட உரையில் அறிவித்தபடி, கம்பனிகளின் பங்கு 1,550, வரவுக் கொடுப்பனவாக அரசாங்கம் தருவது 200. அரசாங்கம் தன் பணத்தைப் போட முன்வந்ததை நான் மதிக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்: அரைப்பேர் விழுந்த நாள் வரவு நாளாகக் கணக்கில் வருமா? நிர்வாகமே வேலை கொடுக்காத நாளுக்கு என்ன? இதற்கான பதில் எழுத்தில் இல்லாவிட்டால், 2021 இல் நடந்தது திரும்ப நடக்க எந்தத் தடையும் இல்லை.

ஆகவே, சபையினரே, நாட்சம்பளத்தோடு கிலோவையும் நிர்ணயியுங்கள். எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே கிலோ கேட்கவில்லை. உயரத்துக்கும் பருவத்துக்கும் மலையின் நிலைக்கும் ஏற்ப அது மாறத்தான் வேண்டும். தோட்டத்துக்கொரு உச்ச வரம்பு வையுங்கள், பறிப்பவர்களின் பிரதிநிதியும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடாமல் அதைக் கூட்ட முடியாது என்று எழுதுங்கள். காலநிலையாலோ உரமில்லாததாலோ கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர் போடுவதைத் தடுங்கள். வெட்டு என்றால் சாக்கின் உண்மையான எடை மட்டும்தான் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் பறித்த கிலோ, வெட்டிய கிலோ, விழுந்த பேர் மூன்றும் தமிழில் சிட்டையில் இருக்கட்டும். அம்மாவின் சிட்டையில் ஆங்கிலச் சுருக்கங்களே நிறைய. நான் படித்திருப்பதால் வாசிக்கிறேன். வாசித்துச் சொல்ல ஆளில்லாத வீடுகளில் அது வெறும் தாள்.

நிலுவை விடயத்தில் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். வழக்கு எத்தனை மாதம் இழுத்தாலும், முடிவில் நிற்கும் தொகை முதலில் அறிவித்த தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்றால், தாமதத்தால் யாருக்கும் இலாபம் இருக்காது. வழக்குகளும் தானாகக் குறையும்.

தோட்டத்து அக்காமாருக்கும் ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு நிறுவையையும் சின்னக் கொப்பியில் தேதி போட்டு எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள். சிட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். சம்பளம் குறைந்தால் கங்காணியிடம் வாய்ச்சண்டை வேண்டாம். பத்துப் பேராகச் சேர்ந்து தொழில் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறைப்பாடு கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படிக் கொடுத்த பிறகுதான் எங்கள் பிரிவில் மழைநாள் வெட்டு இரண்டிலிருந்து ஒன்றானது.

சபையினரிடம் இறுதியாக ஒரு வேண்டுகோள். புதிய சம்பளத்தைத் தீர்மானிக்குமுன் ஆட்சேபனைகள் கேட்டு நீங்கள் அறிவித்தல் விடுகிறீர்கள். கம்பனிகளின் சட்டத்தரணிகள் அதைப் பார்த்து உரிய நாளில் எழுதுகிறார்கள். கொழுந்து பறிப்பவர் கண்ணில் அது படுவதே இல்லை. அடுத்த அறிவித்தலைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பெரட்டுக் களத்திலும் ஒட்டச் செய்யுங்கள். கிலோ பற்றிய எங்கள் ஆட்சேபனையைக் கொப்பிகளோடு அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
கொழுந்து பறிக்கும் தாயின் மகள்,
பொகவந்தலாவை