டப்பா மண்ணுக்கும் அதைக் கொண்டுவந்த கைகளுக்கும்

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற மதத்துச் சொந்தங்களுக்கு என் வணக்கம்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து என் உம்மா (தாயார்) வீட்டுக்கு வந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ் (எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே). இன்று காலையில் தானே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களைத் திரும்ப எழுத மனசில் இன்னும் தெம்பு வரவில்லை, நன்றி சொல்ல மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலிக்கு இரவோடு இரவாக வண்டி ஓட்டிய காக்கா (அண்ணன்), இரத்தம் கொடுக்க ஓடிவந்த தம்பிகள், கேட்காமலே பணம் அனுப்பிய சவூதி மச்சான், குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதி துஆ (பிரார்த்தனை) செய்த மதரஸா பிள்ளைகள், என் பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டு லாத்தா (அக்கா), தூக்கம் பார்க்காமல் கவனித்த டாக்டர்கள், நர்ஸ் சிஸ்டர்கள், எல்லோருக்கும் ஜஸாக்குமுல்லாஹு கைரா, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும். உதவி செய்தவரிடம் இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டவர் நிறைவாகப் பாராட்டிவிட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது திர்மிதி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் உங்களையெல்லாம் ஒரே பத்தியில் சேர்த்துவிட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரிலும் வருவேன், இன்ஷா அல்லாஹ்.

ஒருவருக்கு மட்டும் தனியாக எழுத வேண்டும். அந்த வார்டில் இரவு வேலை பார்க்கும் ஆயா அக்கா. இது அவர் கண்ணில் படுமோ என்னவோ, படட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு மாற்றிய பிறகு, உம்மாவுக்கு வலியைவிடத் தொழுகைக் கவலைதான் பெரிதாக இருந்தது. தண்ணீர் படவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளுச் செய்ய வழியில்லை. தண்ணீருக்குப் பதிலாக மண்ணைத் தடவிக்கொள்ளும் தயம்மும் செய்யலாம் என்றால் நாம் ஷாஃபிஈ மத்ஹப் (சட்டப் பிரிவு). கையில் ஒட்டும் புழுதியுள்ள சுத்தமான மண் வேண்டும். டைல்ஸ் பதித்த மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? கீழே கார் நிறுத்தும் இடத்து மண்ணை எடுக்க மனம் ஒப்பவில்லை. மார்க்கம் படித்த ஹஜ்ரத்திடம் போனில் கேட்டேன். மண்ணும் கிடைக்காவிட்டால் நேரம் தவறாமல் அப்படியே தொழுதுவிட்டு, பிறகு திருப்பித் தொழுதுகொள்ளலாம் என்றார். சட்டம் இடம் தந்தது, உம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "பிறகுன்னா, அது வரைக்கும் நான் இருக்கணுமே" என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "அம்மா ஏன் அழுதாவ? வலிக்கா?" என்று கேட்டார். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்லிவிட்டேன். "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் இரவு வேலைக்கு வந்தவர் கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே மாவு போலச் சலித்த செம்மண். "எங்க வீட்டு வேப்பமரத்து மூட்டுல எடுத்தேன். செருப்புக்கால் படாத இடம். சலிச்சு வெயில்ல காயவச்சிருக்கேன், இது ஆகுமான்னு பாத்துக்கிடுங்க." டியூட்டி சிஸ்டரிடமும் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார், காயத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். இராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலையில் வீட்டுக்குப் போன மனுஷி, தூங்க வேண்டிய நேரத்தில் மண் சலித்திருக்கிறார். அவர் நெற்றியில் திருநீறு. தயம்மும் என்ற சொல்லை அதற்கு முந்தைய நாள்தான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறார்.

தட்டில் மண்ணைப் பரப்பினேன். உம்மா நிய்யத் (மனதில் எண்ணம்) வைத்தார். என் இரு கைகளையும் மண்ணில் அடித்து அவர் முகத்தைத் தடவினேன், மறுபடி அடித்து, ஊசி ஏறிய இடம் அசையாமல் கைகளைத் தடவினேன். படுத்தபடியே "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் கட்டி, குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூரா ஓதினார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

அடியான் "அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்" என்று ஓதும்போது, "என் அடியான் என்னைப் புகழ்ந்தான்" என்று அல்லாஹ் பதில் சொல்வதாக முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) நூலில் வருகிறது. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்காத குரலுக்கு அங்கே பதில் போகிறது! அப்போது எங்களிடம் எந்த ரிப்போர்ட்டும் வரவில்லை. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாத ராத்திரி. அந்தச் சூராவிலோ புகழ்வது முதலில் வருகிறது, கேட்பது அதற்கு அப்புறம்தான். குணமானால் புகழ்கிறேன் என்று உம்மா பேரம் பேசவில்லை. பிடித்தது நடக்காதபோதும் "அல்ஹம்துலில்லாஹி அலா குல்லி ஹால்", எந்த நிலையிலும் புகழ் அல்லாஹ்வுக்கே, என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புகழ் அவனுக்குத் தேவை என்பதால் அல்ல. பூமியில் உள்ள அத்தனை பேரும் நன்றி மறந்தாலும் அவனுக்குக் குறையில்லை என்று மூஸா நபி (அலை) தம் சமூகத்திடம் சொன்னது குர்ஆனின் இப்ராஹீம் சூராவின் 8ஆம் வசனத்தில் இருக்கிறது. தேவை உம்மாவுக்கு இருந்தது. தினமும் ஐந்து வேளைக் கடமைத் தொழுகையான ஃபர்ளு 17 ரக்அத்திலும் (தொழுகைச் சுற்றிலும்) புகழ்ந்து பழகிய வாய் அது. தொழுது முடித்ததும் உம்மா முகத்தில் பழைய தெளிவு வந்ததை அந்த அக்காவும் நின்று பார்த்தார்.

தயம்மும் நமக்குக் கிடைத்த கதையை உம்மாதான் பிறகு ஞாபகப்படுத்தினார். ஒரு பயணத்தில் நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகியின் கழுத்து மாலை தொலைந்தது. அதைத் தேடுவதற்காகப் படையே தங்கிவிட்டது, தண்ணீரோ இல்லை. மகள் என்றும் பாராமல் அபூபக்கர் (ரலி) கடிந்துகொண்டார்கள். விடிந்தபோது தயம்மும் வசனம் இறங்கியது. நபித்தோழர் உஸைத் இப்னு ஹுளைர் (ரலி), "அபூபக்கரின் குடும்பத்தாரே, உங்களால் கிடைத்த பரக்கத் (அருள்) இது முதலாவது அல்லவே" என்றார்கள். சலுகையைத் தந்தவன் அல்லாஹ் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் மனிதர்களையும் பாராட்டினார். ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதன் கீழே கிடந்தது.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்ற நபிமொழியை எத்தனையோ பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டிருக்கிறேன். இப்போது அது எனக்கு அந்த அக்காவின் முகமாகவே தெரிகிறது. எங்கள் மதத்துச் சட்டம் அவருக்குத் தெரியாது. ஒரு கிழவி தன் இறைவனைப் புகழ முடியாமல் அழுகிறாள் என்பது மட்டும் புரிந்தது, அதற்கு வழி செய்தார். ஒவ்வொரு ஃபர்ளுக்கும் புதிதாகத் தயம்மும் செய்ய வேண்டும் என்பதால் தினமும் அந்த டப்பா திறந்தபடி இருந்தது. தீரப்போகிறது என்று நான் சொல்வதற்கு முன்பே இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தார்.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று பணம் நீட்டினேன். "மண்ணுக்கு என்னத்துக்குத் துட்டு?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உம்மா அவரைக் கிட்டே கூப்பிட்டுத் தலையில் கை வைத்து துஆ செய்தார். அக்கா, நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நல்லா இருக்கணும். எந்த வேளையில் எங்கள் வாசலுக்கு வந்தாலும் அது உங்கள் வீடு.

நான் ஒரு நிய்யத் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் யாரும் மண்ணுக்காக அழக் கூடாது. நம் கடற்கரை மணலில் கையில் ஒட்டும் புழுதி கிடையாது, அதனால் கடற்கரையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களிலிருந்து நல்ல மண்ணாக வரவழைத்துச் சலித்துக் காயவைத்து, மூடி போட்ட சின்ன டப்பாக்களில் அடைத்து வைக்கப்போகிறோம். மண் சுத்தமானதா என்று ஹஜ்ரத் பார்த்துச் சொல்வார். எங்கள் தெருப் பெண்கள் தைக்காவில் (பெண்கள் கூடித் தொழும் இடம்) அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகு கேட்டால் கிடைக்கும். மதம் பார்க்காமல், கூட இருப்பவர் யார் வந்து கேட்டாலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சலிக்க ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் வர முடிந்தவர்கள் வாருங்கள்.