மீன் வாங்கும் முன் தொட்டி நிற்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பும் பொறுப்பும் வரட்டும் என்ற நல்லெண்ணத்தில், பள்ளி திறந்த கையோடு ஏதேனும் ஓர் உயிரை வகுப்பறையில் வளர்க்க ஆசிரியர்கள் சிலர் விரும்புகிறார்கள். தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அந்த விருப்பத்தை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். ஆனால் எந்த உயிரை, எப்போது, எப்படிக் கொண்டுவருவது என்பதில் காட்டப்படும் அவசரம் குறித்துச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளைக் கேட்டால் கிளி, ஆமை, முயல் என்றுதான் கை தூக்குவார்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாரோ ஒரு பெற்றோர் அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பதால் அது குற்றமல்லாமல் போகாது. அதிர்ஷ்டம் என்று சிலர் வீட்டில் வைத்திருக்கும் நட்சத்திர ஆமைக்கும் இதே நிலைதான்; பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் அது 2019இல் ஏற்றப்பட்டது. கடைகளில் விற்கும், காதோரம் சிவப்புக் கோடுள்ள குட்டி ஆமையோ சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியது. அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க 1975லேயே தடை விதித்ததற்கு, அவற்றைக் கையாண்ட குழந்தைகள் நோயுற்றதே காரணம். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் பெரிதும் வெப்பத்தை வெளியேற்றும். நம் ஊர் வெயிலில், தகரக் கூரைக்கடியில், பூட்டிய அறையில் அது படும் பாட்டை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் பரிந்துரை கப்பி என்னும் சிறு வண்ண மீன்தான். அதிலும் நான் ஒரு முறை தவறு செய்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், கண்ணாடிக் கிண்ணத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அப்போதே வாங்கி வந்த ஐந்து மீன்களை விட்டேன். நாற்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு சிட்டிகை தீனி போட்டார்கள். நானும் மகிழ்ச்சியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது கலங்கிய நீரின் மேல் ஐந்தும் வயிறு தெரிய மிதந்தன. நீரில் இருந்த குளோரினும், உண்ணாமல் அழுகிய தீனியிலிருந்து கிளம்பிய அம்மோனியாவும் செய்த வேலை அது என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கியது.

அம்மோனியாவை அதிகக் கேடில்லாத நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இதை அறிந்த பிறகு, தாழ்வாரத்தின் நிழலில் ஒரு சிமெண்ட் தொட்டியை வைக்கத் தொடங்கினேன். பள்ளி விட்டதும் மெயின் சுவிட்சை அணைத்துவிடும் நம் பள்ளிகளில் காற்றுக்குழாய் மோட்டாரை நம்ப முடியாது. வாய் அகன்ற தொட்டியில் சில மீன்கள் மட்டும் இருந்தால் அது தேவையும் இல்லை. புதிய சிமெண்டின் சுண்ணாம்புக் காரம் போக, வாழைத்தண்டுத் துண்டுகளை ஊறப்போட்டுச் சில முறை நீரை மாற்ற வேண்டும். அதன்பின், குளோரின் போகத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்த நீரை ஊற்றி, பாடநூலில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குப் படம் போட்டிருக்கும் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியை நட்டு, நுண்ணுயிர்களுக்காக அவ்வப்போது ஒரு சிட்டிகை தீனியை மட்டும் தூவி வர வேண்டும். ஜூனில் தொட்டி வைத்தால் ஆடி பிறந்து சில நாள் கழித்துத்தான் மீன் வரும். "டீச்சர், மீன் எப்ப வரும்?" என்று தினமும் கேட்ட பிள்ளைகளே, பாசி துளிர்த்ததையும் தொட்டிச் சுவர் வழுவழுப்பானதையும் எனக்கு முன்பாகக் கண்டுபிடித்தார்கள்.

மீன் வரும் நாளில் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும்; கடை நீரை உள்ளே ஊற்றக் கூடாது. விசிறி வாலும் வண்ணமும் உள்ள ஆண் மீன்களை மட்டுமே கேட்டு வாங்குவது நல்லது. பெண் கப்பி மாதத்திற்கொரு முறை குட்டி போடும். பெருகியவற்றை ஊர்க் குளத்தில் கொட்டினால் அங்குள்ள நாட்டு மீன்களுக்குத்தான் கேடு. தீனி போடுவது வாரத்திற்கு ஒரு பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும், இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே போதும். சனி, ஞாயிறு பட்டினி கிடந்தாலும் வளர்ந்த மீன் சாகாது. என் மாணவி ஒருத்தி வீட்டு டிரம்மிலிருந்து குவளையில் மொண்டு வந்த கொசுப்புழுக்களைத் தொட்டியில் ஊற்றியபோது, அவை நெளிந்து கீழே இறங்குவதற்குள் மீன்கள் பிடித்துத் தின்றதை வகுப்பே மூச்சடக்கிப் பார்த்தது. டெங்குவைப் பற்றி அதன்பின் நான் தனியாகப் பாடம் நடத்தவில்லை.

மே மாத விடுமுறைதான் உண்மையான சிக்கல். தொட்டி வாங்கும் முன்பே, கோடையில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்பவர் யார் என்று பொறுப்பேற்பவரின் ஒப்புதலோடு அவர் பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் எழுதிவைக்குமாறு தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத ஒரு பெயரும் கிடைக்காத பள்ளியில் அந்த ஆண்டு மீன் வாங்க வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
மதுரை மாவட்டம்.