கயலுக்கு அப்பா எழுதுவது

அம்மாடி கயல்,

ஞாயிற்றுக்கிழமை போனில், "கூடப் படிச்சவங்க எல்லாரும் சர்ஜரிக்குப் போயிட்டாங்க, நான் மட்டும் இந்த மலை ஊர்ல சளிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை எழுதி வீணாப் போறேன்ப்பா" என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. போனை வைத்த பிறகு இடது காலைத் தடவிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இதய பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று ஒரு இளம் டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். காலில் எடுத்த சிரைக்குள் குட்டிக் குட்டி வால்வுகள் இருக்குமாம், ரத்தத்தை ஒரு பக்கமாகத்தான் விடுமாம். அதனால் அதைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு முனையைப் பெருந்தமனியிலும் மறுமுனையை இதய ரத்தக்குழாயில் இருந்த அடைப்புக்கு அப்பாலும் தைத்திருக்கிறார்களாம். உனக்கு இது பாடம். எனக்கு, மரத்தில் நார் ஓடும் பக்கம் பார்த்து இழைப்புளி தள்ளுவது ஞாபகம் வந்தது. இந்த வேலையை நிலைநிறுத்தியவர் யார் என்று கேட்டேன். ரெனே ஃபவலோரோ என்று அதே தாளில் எழுதித் தந்தார். அன்றிலிருந்து உன் தம்பியை உட்கார வைத்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அர்ஜென்டினாக்காரர். 1923இல் லா பிளாட்டா நகரத்தில் பிறந்தவர். அப்பா தச்சர், அம்மா துணி தைப்பவர். இதைக் கேட்டதும் உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டராகி வந்தவரிடம் ஆளும் கட்சியை ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டால்தான் ஆஸ்பத்திரியில் இடம் என்றார்கள். அவர் போடவில்லை. அந்த நேரத்தில் லா பம்பா மாகாணத்தில் ஹாசின்டோ அராவுஸ் என்கிற சின்ன ஊரிலிருந்து மாமா கடிதம் போட்டார்: இங்கே இருக்கும் டாக்டர் உடம்பு முடியாமல் இருக்கிறார், கொஞ்ச நாள் வந்து பார்த்துக்கொள். 1950இல் இரண்டு மூன்று மாதம் என்று போனவர் 12 வருஷம் இருந்தார். ரத்தம் கொடுக்கக்கூடியவர்களை ஊருக்குள்ளேயே திரட்டி வைத்தார். ஆபரேஷன் அறை கட்டினார். பிரசவம் பார்க்கும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தம்பியும் டாக்டராகி வந்து கூடச் சேர்ந்துகொண்டார்.

கிட்டத்தட்ட 40 வயதில், 1962இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்குக்குப் படிக்கப் போனார். இதய ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்க எனக்கு எடுத்தார்களே ஆஞ்சியோ, அதற்கு வழி கண்ட மேசன் சோன்ஸ் அங்கேதான் இருந்தார். அவர் எடுத்த இதயப் படங்களை ஃபவலோரோ மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். 1967 மே மாதம் 51 வயதுப் பெண்மணி ஒருவருக்குக் கால் சிரையை எடுத்து இதயத்தில் வைத்தார். அவருக்கு முன்பும் சிலர் பைபாஸ் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் கையில் மட்டும் நிற்காமல், எந்த ஊர் சர்ஜனும் செய்யலாம் என்று ஆக்கிக் காட்டியவர் இவர். அப்படி ஆனதால்தான் என் நெஞ்சு வரைக்கும் அது வந்து சேர்ந்தது.

1971இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாட்டுக்கே திரும்பினார். அறக்கட்டளை தொடங்கினார், புவனஸ் அயர்ஸில் இதய மருத்துவமனை கட்டினார்.

அவருடைய கடைசியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. அறக்கட்டளை பெரிய கடனில் மாட்டியது, உதவி கேட்டு ஜனாதிபதி வரைக்கும் எழுதினார். 2000 ஜூலையில், 77 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அத்தனை இதயங்களைத் திறந்த மனிதர் அப்படிப் போனதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன் கண்ணு, அலுப்போ அழுகையோ ராத்திரி எந்நேரம் வந்தாலும் எனக்குப் போன் பண்ணு. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காதே.

சர்ஜரி படிக்க வேண்டும் என்றால் படி, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அந்த ஊரில் இருக்கும் நாளை வீண் என்று மட்டும் சொல்லாதே.

உங்கள் சுகாதார நிலையத்தில் வரும் கர்ப்பிணிகள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாயே, அந்தத் திண்ணையின் நீளம் அகலத்தை அளந்து அனுப்பு. பட்டறையில் நல்ல வேம்புப் பலகை கிடக்கிறது. கனம்தான் தூக்கக் கூடாது, இழைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூக்கித் தர உன் தம்பி இருக்கிறான். சாய்வு வைத்தே செய்கிறேன், அவர்களுக்கு முதுகு வலிக்கும்.

அன்புடன்
அப்பா