10 என்று அச்சிட்டு 6 விற்ற கண்டன்சர்: புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
வாஷிங் மெஷின் உதிரிபாக விற்பனைப் பிரிவு.

பொருள்: அளவு குறைந்த மோட்டார் கண்டன்சர்கள் – பணம் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மா,

தங்களிடம் வாங்கிய நான்கு கண்டன்சர்களிலும் 10 மைக்ரோஃபாரட் (கண்டன்சரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு), 440 வோல்ட், கூடக்குறைய 5 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. அப்படியென்றால் 9.5க்கும் 10.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். மீட்டரில் வைத்தால் ஒன்றுகூட 7ஐத் தொடவில்லை; இருப்பதிலேயே மோசமானது 6.1. தயாரித்தவர் பெயரோ ஐ.எஸ்.ஐ. முத்திரையோ எதிலும் கிடையாது. பில் நகலையும் மீட்டர் எண் தெரியும்படி எடுத்த படங்களையும் இணைத்துள்ளேன்.

இதைச் சொல்லி உங்கள் சேவைப் பிரிவுக்குப் போன் செய்தால், "மெஷின் பழசு சார், மோட்டார் வீக்காகியிருக்கும். உங்க ஏரியாவுல வோல்டேஜும் கம்மி" என்கிறார்கள். கூடவே எக்ஸ்சேஞ்ச் சலுகை என்று ஒரு குறுஞ்செய்தி வேறு.

பழசுதான், யார் இல்லை என்றது? பழைய மெஷின்களைத் தேடிப் பிடித்து ஓட வைப்பதுதான் என் வேலையற்ற வேலை. வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் ஆலையில் 1948ல் செய்யத் தொடங்கிய வகை ஹூவர் வாஷிங் மெஷின் ஒன்று கொட்டகையில் நிற்கிறது. தண்ணீரைச் சுழற்றும் தட்டு அடியில் இல்லாமல் பக்கச் சுவரில் இருக்கும். துணி பிழிய மேலே கையால் சுற்றும் உருளை. சவுதியிலிருந்து வந்த 60 ஹெர்ட்ஸ் மெஷின் ஒன்று நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சாவகாசமாகத் துவைக்கிறது. இதெல்லாம் ஓடுகிற வீட்டில் வந்து 'பழசு' என்று காரணம் சொன்னால் எப்படி?

இப்போது தகராறில் இருப்பது, கூத்தாநல்லூர்க் குடும்பம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் இரட்டைத் தொட்டி மெஷின். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அதனால் கரண்டு வித்தியாசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. துவைக்கும் மோட்டாரில் இரண்டு காயில்களும் ஒரே அளவு. டைமர் கண்டன்சரை ஒருமுறை இந்தக் காயிலோடும் மறுமுறை அந்தக் காயிலோடும் சேர்ப்பதால்தான் மோட்டார் இடமும் வலமுமாகத் திரும்புகிறது. திரும்பும்போதெல்லாம் நின்ற இடத்திலிருந்து புதிதாகக் கிளம்ப வேண்டும், அதற்கான தெம்பு கண்டன்சரிலிருந்து வருவது. உங்கள் சரக்கைப் போட்டால் வெறும் தண்ணீரில் சுற்றுகிறது. நனைந்த வேட்டி நாலு விழுந்ததும் உறுமிக்கொண்டு நின்றுவிடுகிறது. கவனிக்காமல் விட்டிருந்தால் காயில் எரிந்திருக்கும். இந்த மோட்டாருக்கு மாற்று எங்கேயும் கிடைக்காது, ரீவைண்டிங்தான் கதி.

மோட்டார் வீக் என்ற பேச்சுக்கும் சோதனை செய்தாகிவிட்டது. சீலிங் ஃபேனுக்குப் போடும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் நான்கை உள்ளூர்க் கடையில் வாங்கிப் பக்க இணைப்பில் கட்டினேன். கணக்குக்கு 10. அதே மெஷின், அதே வேட்டிகள், முழுச் சுற்றும் ஓடி முடித்தது. பெட்டிக்குள் அந்தக் கொத்து அடங்காது என்பதால்தான் உங்கள் சரக்கைத் தேடி வந்தேன்.

கோடையில் பம்ப்செட்டுகள் ஓடும்போது இங்கே வோல்டேஜ் இறங்குவது உண்மை. ஆனால் கழற்றி மேசைமேல் வைத்து அளந்த கண்டன்சருக்கும் டெல்டாவின் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நான்கிற்குமான விலையும், வந்த கூரியர் செலவும், திருப்பி அனுப்பும் செலவும் எனக்கு வந்து சேர வேண்டும். 'மின்பாகங்களுக்கு ரிட்டர்ன் இல்லை' என்ற உங்கள் விதி, அச்சிட்ட அளவில் இல்லாத பொருளுக்குச் செல்லாது. கிடங்கில் இதே சரக்கு மிச்சமிருந்தால் அளந்து பார்த்துவிட்டு விற்பனையிலிருந்து எடுங்கள். மீட்டர் கையில் இல்லாதவர்கள் மோட்டார்தான் போய்விட்டது என்று நம்பி மெஷினையே காயலான் கடைக்குப் போடுவார்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். இல்லாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை.

எக்ஸ்சேஞ்ச் சலுகைக் குறுஞ்செய்திகளிலிருந்து என் எண்ணை நீக்கிவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், மீட்டர் அளவுப் படங்கள்