ரிலீஸ் நோட்ஸ் எழுதுற தம்பி தங்கச்சிமாருக்கு ஹட்டன்ல இருந்து ஒரு திறந்த மடல்

கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னைன்னு எங்கெங்கயோ இருந்து ஆப் செய்ற நம்ம தமிழ் பிள்ளைங்களுக்கு வணக்கம். நான் இலங்கை மலையகத்துல, ஹட்டன் டவுன்ல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். கடையில ஒரு சீஆர் கொப்பி இருக்கு, எந்த ஆப்போட எந்த பில்ட் (நம்பர் போட்டு வெளியிடுற பதிப்பு) என்னைக்கு வந்திச்சி, எத்தனை எம்பி, என்ன மாறிச்சி, என்ன ஒடஞ்சிச்சின்னு ஆறு வருஷமா எழுதிட்டு வர்றேன். அதுல "என்ன மாறிச்சி"ங்கிற பக்கம்தான் பாதிக்கு மேல வெறுமையா கெடக்கு. ஏன்னா ரிலீஸ் நோட்ஸ்ல, அதாவது அப்டேட்டோட வர்ற என்ன மாறிச்சிங்கிற குறிப்புல, நீங்க போடுறது ஒரே வரி, "சில பிழைகள் திருத்தப்பட்டன". எந்தப் பிழை? எந்த இடத்துல?

எங்கம்மா முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க. நிறுக்கிற இடத்துல எத்தனை கிலோன்னு போடாம "கொழுந்து எடுத்தாங்க"ன்னு மட்டும் செக்ரோல்ல (தோட்டத்து வேலைக் கணக்குப் புத்தகத்துல) எழுதினா யாரு சும்மா விடுவாங்க, அம்மா தராசையே பாத்துக்கிட்டு நிப்பாங்க, லயத்து வீட்டுக்கு வந்ததும் கலண்டர்ல தன் கணக்க எழுதி வச்சி மாசக்கடைசில ரெண்டையும் ஒத்துப் பாப்பாங்க. எனக்கு கொப்பி எழுதுற பழக்கம் அங்கருந்து வந்ததுதான்.

போன வருஷம் மஸ்கெலியா பக்கத்து தோட்டத்துல இருந்து ஒரு பிள்ளை வந்திச்சி, உயர்தரம் எழுதப் போறவ, பாடக்குறிப்பெல்லாம் போன்லதான் டைப் பண்றவ. "அங்கிள், கொ எழுதினா ஒடையுது"ன்னா. பாத்தா "கொழுந்து"ல கொம்பு தனியா புள்ளிவட்டத்தோட நிக்கிது, கால் அந்தப் பக்கம் தனியா நிக்கிது. யூனிகோட்ல, அதாவது கம்ப்யூட்டர்ல எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்குற முறையில, ஒகரக்குறி ஒரே குறியாவும் வரலாம், கொம்பும் காலும்னு ரெண்டு குறியாவும் வரலாம், ரெண்டும் ஒண்ணுதான்னு எடுத்துக்கணும், அந்தப் பிள்ளை போட்டிருந்த கீபோர்ட் ஆப்போட பீட்டா (சோதிச்சிப் பாக்க விடுற பதிப்பு) அத எங்கயோ கோட்டை விட்டுடுச்சி. கொப்பியப் பொரட்டினேன், 212ஆம் பில்ட் நல்லா இருந்திச்சி, 213ல ஒடஞ்சிருக்கு. அதையே ஸ்கிரீன்ஷாட்டோட எழுதி அனுப்பினேன். 216ல சரியாச்சி, சந்தோஷம், ஆனா நோட்ஸ்ல பழைய ஒத்தை வரிதான். சரியாச்சா இல்லையான்னு பாக்க 214, 215, 216 மூணையும் ரீலோட் போட்டு எறக்க வேண்டியதாப் போச்சி. அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு அந்த டேட்டா காசு பெரிய காசு.

நம்பர் விஷயமும் சொல்லணும். 1.9க்கு அப்புறம் 1.10 வந்தா, "கொறஞ்சதுக்கு எதுக்கு மாத்தணும்"னு கடையில கேக்குறாங்க. புள்ளிக்கு அந்தப் பக்கம் தனி எண், பத்து ஒம்பதவிட பெருசுன்னு நான் சொல்லிக் குடுக்குறேன், நீங்க பக்கத்துல தேதியப் போட்டா அந்த கேள்வியே வராது. உபுண்டுங்கிற கம்ப்யூட்டர் சிஸ்டத்துல 24.04ன்னா 2024 ஏப்ரல்னு பாத்ததுமே தெரியுதில்ல.

பீட்டா குடுக்கும்போது திரும்பி வர வழி இருக்கான்னு மொதல்லயே எழுதுங்க. ஆண்ட்ராய்ட்ல பழைய வெர்ஷன மேல போட விடாது, அன்இன்ஸ்டால் பண்ணித்தான் போடணும், பேக்கப் இல்லேன்னா உள்ள இருக்கிறது எல்லாம் போயிரும். இது தெரியாம குறிப்பெல்லாம் தொலைச்சவங்கள என் கண்ணால பாத்திருக்கேன், அழுதுக்கிட்டே போனாங்க.

ஒருத்தர் ரெண்டு பேர் சொல்றதுதானேன்னு தள்ளி வைக்காதீங்க. 2018 ஒக்டோபர்ல விண்டோஸ் 10 அப்டேட் சில பேரோட பைல்களையே அழிச்சி, மைக்ரோசொப்ட் அத நிப்பாட்டி வச்சிச்சி. முன்னாடியே சோதிச்சவங்க சிலர் அதே பிழைய எழுதியிருந்தாங்க, ஆதரவு ஓட்டு கொறவா இருந்ததால கண்ணுல படல. அதுக்கப்புறந்தான் பிழை எவ்வளவு கடுமைன்னு குறிக்க ஒரு எடம் வச்சாங்க. பயர்பொக்ஸ் பிரவுசரோட ரிலீஸ் நோட்ஸப் பாருங்க, மொத தடவை கோட் எழுதிக் குடுத்தவங்களுக்கு பேர் சொல்லி நன்றி போடுறாங்க. எனக்கு பேர் வேணாம். எந்தப் பிழை, எந்த பில்ட்ல வந்திச்சி, எதுல போச்சி, எத்தனை எம்பி, இத தமிழ்ல நாலு வரி எழுதுங்க, அது போதும்.

213ல என்னதான் மாத்தினீங்கன்னு யாராவது சொன்னா நல்லாருக்கும். கொப்பில அந்த வரிய இன்னும் விட்டு வச்சிருக்கேன்.