கண்வலி விதையும் நெஞ்சு அடைப்பும்

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் கிடைத்தது. இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் கம்பிவலை) வைத்து வீடு திரும்பி, மூலனூர் தோட்டத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வந்ததாக எழுதியிருந்தாய். படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்துவிட்டது.

கொழுப்பு அளவு சரியாக இருந்தும் அடைப்பு எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய். கொழுப்பு படிவது பாதிக் கதைதான். படிந்த இடத்தில் அழற்சி, அதாவது புண்பட்ட இடம் வீங்கிக் கனல்வது போன்ற நிலை, உண்டாகி வெள்ளணுக்கள் குவிகின்றன. அவை அந்தப் படிவின் மேல்மூடியை அரித்து மெலிதாக்குகின்றன. என்றைக்காவது அது கிழிந்தால், அந்த இடத்தில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒட்டி நிமிடங்களில் ரத்தம் கட்டிவிடும். வெள்ளணுக்களில் ஒரு வகை தன் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமிகளைப் பிடிக்கிறது என்று பெர்லினில் 2004இல் கண்டுபிடித்தார்கள். ரத்தக்கட்டிகளுக்குள்ளும் அதே வலை இருப்பது பின்னால் தெரிந்தது. கொரோனா நோயாளிகளுக்கு நுரையீரலில் ரத்தம் கட்டியதில் இதற்கும் பங்கு உண்டு.

நீ சாப்பிடும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் அழற்சியை அவை பெரிதாகத் தொடுவதில்லை. அதைத் தணித்தால் மாரடைப்பு குறையுமா? 2017இல் விடை வந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரிடம் கனகினுமாப் என்ற ஊசியைச் சோதித்தார்கள். கொழுப்பு இறங்கவே இல்லை. ஆனாலும் 150 மில்லிகிராம் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கொஞ்சம் கூடின, விலையும் எட்டாத உயரம். இதயத்துக்கான மருந்தாக அது வரவில்லை.

இனிமேல்தான் உன் தோட்டத்துக்கு வருகிறேன். நீ விளைவித்து வியாபாரிக்குப் போடுகிறாயே கண்வலி விதை, அதாவது செங்காந்தள் விதை, அதிலிருந்துதான் கொல்கிசின் என்ற மருந்தை எடுக்கிறார்கள். கீல்வாதத்துக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் மருந்து, வெள்ளணுக்களின் ஆட்டத்தை அடக்கக்கூடியது. மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் இருந்த 4,745 பேரை வைத்து நடந்த சோதனை 2019இல் வெளியானது. தினமும் அரை மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு இதயப் பாதிப்புகள் 23 சதவீதம் குறைவு. 2023இல் அமெரிக்கா இதயத்துக்கும் அனுமதி கொடுத்தது. ஆனால் 2024இல் வெளியான, ஏழாயிரம் பேரை வைத்த சோதனையில் பலன் தென்படவில்லை. அழற்சிதான் குறி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மாத்திரை எல்லாருக்கும் வேண்டும் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். தோட்டத்தில்தானே இருக்கிறது என்று விதையையோ கிழங்கையோ வாயில் வைத்துவிடாதே. அளவு கொஞ்சம் தப்பினாலும் உயிர் போகும், விஷத்தை முறிக்கும் மருந்தும் கைவசம் கிடையாது. வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அவர் முடிவு செய்யட்டும். இப்போதைய இரண்டு மாத்திரைகளை அவர் சொல்லாமல் நிறுத்தாதே, ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டும். அப்புறம், பீடியை விட்டாயா இல்லையா என்று எழுதவே இல்லையே! ரத்தக்குழாய்க்குள் அழற்சியைத் தூண்டுவதில் அது முன்னால் நிற்கிறது. தங்கச்சியிடம் போனில் கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கல் கழித்து ரெண்டு நாள் தங்குகிற மாதிரி வருகிறேன். இந்த வருஷம் விதை என்ன விலைக்குப் போகிறது என்று எழுது.

அன்புடன்,
முத்துச்சாமி